பசளை மானியம் நெல் விளைச்சலைக் கூட்டுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை அரசு விவசாயத்துக்குத் தரும் உதவிகளுள் ஒவ்வொரு போகத்திலும் அதிகம் பேசப்படுவது நெல்லுக்கான பசளை மானியமே. அது விளைச்சலை உயர்த்தியதா, எந்த அளவுக்கு உயர்த்தியது, எங்கே பயனற்றுப் போனது என்பவை பற்றி விவசாயிகளும் மாணவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. தமிழகத்தில் உரம் என்று சொல்லப்படுவதையே இலங்கையில் பசளை என்கிறோம்.

விவசாய மானியம் என்பது பசளையை மட்டுமா குறிக்கும்?

இல்லை. நெற்செய்கைக்குப் பல வழிகளில் அரசின் பணம் வந்து சேர்கிறது. குளங்களையும் வாய்க்கால்களையும் கட்டிப் பராமரித்து நீரைக் கட்டணமின்றித் தருவது ஒரு மானியம். நெல்லுக்கு உத்தரவாத விலை வைத்து வாங்குவது இன்னொன்று. பயிர்க் காப்புறுதி, சலுகை வட்டிக் கடன், கடன் தள்ளுபடி ஆகியனவும் அவ்வகையைச் சேர்ந்தவையே. கையில் வாங்கும் மூடை கண்ணுக்குத் தெரிவதால் அதையே மானியம் என்கிறோம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீருக்கும் வரி செலுத்துவோரின் பணம் செலவாகிறது என்பதை வாய்க்கால் வற்றும்போதுதான் நினைக்கிறோம்.

உற்பத்தி, உற்பத்தித்திறன் என்பவற்றுக்கு இடையே என்ன வேறுபாடு?

மொத்தமாக எத்தனை தொன் நெல் கிடைத்தது என்பது உற்பத்தி. ஒரு ஹெக்டயரிலிருந்தோ, ஒரு நாள் உழைப்பிலிருந்தோ, ஒரு கிலோ பசளையிலிருந்தோ எவ்வளவு கிடைத்தது என்பது உற்பத்தித்திறன். மானியத்தால் தரிசு நிலம் விதைப்புக்குள் வந்தால் உற்பத்தி கூடும். ஹெக்டயருக்கான விளைச்சல் அப்படியே இருக்கலாம், அல்லது வளங்குன்றிய நிலமும் சேர்வதால் சராசரி குறையவும் செய்யலாம். அதேபோல் ஒரு மூடை யூரியா இட்ட இடத்தில் இரண்டு மூடை இட்டு விளைச்சலைச் சிறிதளவு கூட்டினால் நிலத்தின் உற்பத்தித்திறன் உயர்ந்திருக்கும், பசளையின் உற்பத்தித்திறன் விழுந்திருக்கும். மானியத்தால் விளைச்சல் கூடியது என்று ஒருவர் சொல்லும்போது எந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இலங்கையில் இம்மானியம் எப்போது, எதற்காகத் தொடங்கியது?

1962இல் தொடங்கியது. அதன் காரணத்தை விதைநெல்லில் தேட வேண்டும். அதற்குமுன் விதைக்கப்பட்ட மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரிய இனங்கள் உயரமாக வளர்பவை. அவற்றுக்கு நைதரசனைக் கூட்டினால் வைக்கோல்தான் பெருகும், கதிர் முற்றும் வேளையில் பயிர் சாய்ந்துவிடும். 1950களின் இறுதியில் குருநாகல் மாவட்டத்திலுள்ள பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 வெளிவந்தது. அதன்பின் அதே நிலையத்தின் பிஜி (Bg) வரிசைக் குட்டை இனங்கள் வந்தன. இடும் பசளையை நெல்மணியாக மாற்றும் ஆற்றல் இவற்றுக்கு இருந்தது. ஆனால் பசளைக்குக் காசு செலவழித்துப் பழக்கமில்லாத விவசாயி, மழை பொய்த்தால் அந்தக் காசும் போய்விடுமே என்று தயங்கினான். விலையைக் குறைத்தால் அந்தத் தயக்கம் தீரும் என்பதே மானியத்தின் தொடக்க நியாயம். அது நல்ல நியாயமே என்பது என் கருத்து.

அப்படியானால் விளைச்சல் உயர்வுக்கு மானியம்தான் காரணமா?

ஹெக்டயருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன்னாக இருந்த தேசியச் சராசரி, அரை நூற்றாண்டுக்குள் நான்கு தொன்னைத் தாண்டியது. இந்த உயர்வை இனம், நீர், பசளை ஆகிய மூன்றும் சேர்ந்தே தந்தன. மகாவலித் திட்டத்தின் நீர் இல்லாமலும் பத்தலகொடவின் இனங்கள் இல்லாமலும் மலிவு யூரியாவை மட்டும் கொடுத்திருந்தால், அது சாய்ந்த பயிரையே தந்திருக்கும். மானியம் செய்த வேலை, ஏனைய இரண்டும் தயாராக இருந்த இடத்தில் அவற்றை விரைவாக வயலுக்குக் கொண்டுவந்ததுதான். இந்த மூன்றில் மிகக் குறைந்த செலவில் மிக நீண்ட பயனைத் தந்தது இன ஆராய்ச்சி. வாக்குக் கேட்கும் மேடையில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மானியத்தின் வடிவம் காலப்போக்கில் எப்படி மாறியது?

1990இல் நிறுத்தப்பட்டு 1994இல் மீண்டும் வந்தது. 1997இலிருந்து யூரியாவுக்கு மட்டும் கிடைத்தது. 2005இல் நைதரசன் தரும் யூரியா, பொசுபரசு தரும் ரிஎஸ்பி, பொற்றாசியம் தரும் எம்ஓபி ஆகிய மூன்றுக்கும் விரிவாக்கப்பட்டு, 50 கிலோ மூடை நெல் விவசாயிக்கு 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. உலக விலை எவ்வளவு ஏறினாலும் விவசாயி கொடுத்த விலை மாறவில்லை. 2016இல் மூடைக்குப் பதில் ஹெக்டயருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபா வங்கிக் கணக்கில் இடப்பட்டது. 2018இல் மீண்டும் மூடை வந்தது, 500 ரூபாவுக்கு. பின்னர் முற்றிலும் இலவசமாக்கப்பட்டது. 2021இல் இறக்குமதிக்கே தடை. அதன்பின் மறுபடியும் பணம். 2024ஆம் ஆண்டின் பெரும்போகத்திலிருந்து (ஆண்டிறுதி மழையை நம்பிய முதன்மைப் போகம்; மற்றது சிறுபோகம்) ஹெக்டயருக்கு 15,000 ரூபாவாக இருந்த தொகை 25,000 ரூபாவாக்கப்பட்டது. 2016க்குப் பின் எட்டு ஆண்டுகளுக்குள் இத்தனை திருப்பங்கள். அடுத்த போகத்தில் என்ன கிடைக்கும் என்று தெரியாத விவசாயி நிலத்தில் நீண்டகால முதலீடு செய்யமாட்டான் என்பதும் உற்பத்தித்திறனைப் பாதிக்கும் ஒரு காரணி. மானியத்தின் அளவை மட்டும் பார்க்கும் கணக்குகளில் அது தென்படாது.

பசளை மலிவானால் விளைச்சல் கூடிக்கொண்டே போகுமா?

போகாது. ஒரு தொன் நெல் விளையப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ நைதரசனை எடுக்கிறது. அதில் ஒரு பகுதியை மண்ணே தருகிறது. மீதியைத்தான் நாம் இட வேண்டும். அந்தத் தேவை நிறைவேறும்வரை இடும் ஒவ்வொரு கிலோவும் நன்றாகப் பலன் தரும். அதற்கு அப்பால் பலன் சுருங்கி, ஒரு கட்டத்துக்குப் பின் இலை கடும் பச்சையாகி, கபிலநிறத் தத்திப் பூச்சியும் எரிபந்தப் பூஞ்சை நோயும் தேடி வரும். மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தபோது அந்த எல்லையில் நிறுத்திக்கொள்ள விவசாயிக்குக் காரணமே இருக்கவில்லை. மண்ணில் பொசுபரசு ஏற்கெனவே தேங்கியிருந்த வயல்களுக்கும் ரிஎஸ்பி இடப்பட்டது. கிடைக்கிறது, அதனால் போட்டோம் என்பதே அதற்கான விளக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த மிகைக்கு வேறொரு விலையும் உண்டு. அங்கே சுண்ணாம்புக்கல் படுகையின்மேல் செம்மண் மெல்லிய படையாக இருக்கிறது. வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் இடும் நைதரசனில் பயிர் எடுக்காதது நீரோடு நேரே கீழிறங்கிவிடும். கிணற்று நீரில் நைத்திரேற்று, குடிநீருக்கான உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நெல்லுக்கென்று கொடுத்த மூடை தோட்டத்துக்குப் போவதும் ஊரறிந்த விடயம்.

மூடையாகக் கொடுப்பது நல்லதா, பணமாகக் கொடுப்பது நல்லதா?

இதற்கு ஒற்றை விடை தேடுவோர் கேள்வியின் முக்கியமான பாதியை விட்டுவிடுகிறார்கள். பணமாகக் கொடுத்தால், தன் வயலுக்கு எது குறைவு என்று பார்த்து விவசாயி வாங்கலாம். யூரியா போதுமென்றால் நல்ல விதைநெல் வாங்கலாம், களைக்குக் கூலி கொடுக்கலாம். பசளையின் உண்மையான விலை அவனுக்குத் தெரிவதால் வீணாக்கமும் குறையும். பொருளியல் நூல்கள் பணத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுவே. எதிர்ப்பக்கத்தில், வீட்டில் பிள்ளையின் பாடசாலைச் செலவோ மருத்துவச் செலவோ காத்திருக்கும்போது கணக்குக்கு வரும் பணம் வயலுக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூடையாக வந்தால் பெரும்பாலும் வயலுக்கே போகும்.

என் பார்வையில் இவ்விரண்டையும்விட முக்கியமானது அது வரும் நாள். நெல்லுக்கு யூரியா இட வேண்டிய வேளைகள் குறிக்கப்பட்டவை: விதைத்து இரண்டு வாரம், நான்கு வாரம், பின்னர் கதிர் உருவாகத் தொடங்கும் வேளை. மட்டம் (பக்கக் கிளை) வெடிக்கும் பருவத்தில் கிடைக்காத நைதரசனைப் பின்னால் இரட்டிப்பாகக் கொடுத்தாலும் இழந்த மட்டங்கள் திரும்பி வருவதில்லை. பசளை வழங்கும் அரசின் கமநல சேவை நிலையத்தில் மூடை வந்துசேரும்போது கதிர் குடலைக்குள் (வெளிவருமுன் அதை மூடியிருக்கும் இலையுறைக்குள்) இருந்தால், அந்த மூடை இலவசமாகவே கிடைத்தாலும் விளைச்சலுக்கு உதவாது. அறுவடைக்குப் பின் வங்கிக்கு வரும் பணமும் அப்படியே. அது கடனை அடைக்கும், கதிரை நிரப்பாது. வேளைக்கு வரும் முழுவிலைப் பசளை, வேளை தப்பி வரும் இலவசப் பசளையைவிடக் கூடுதல் நெல்லைத் தரும்.

2021/22இல் நெல் விளைச்சல் விழுந்தது மானியத்தை நிறுத்தியதன் விளைவுதானே?

அப்படிச் சொல்வது தவறு. இந்தத் தவறிலிருந்து வேறு பல தவறான முடிவுகள் பிறக்கின்றன. மானியத்தை நிறுத்தினால் பசளை விலை ஏறும், ஆனால் கடையில் இருக்கும். 2021 ஏப்ரல் இறுதியில் அமைச்சரவை எடுத்த முடிவும், மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானியும் இரசாயனப் பசளையும் பீடைகொல்லிகளும் நாட்டுக்குள் வருவதையே தடுத்தன. இலங்கையில் யூரியா உற்பத்தி இல்லை; எப்பாவலயில் பொசுபேற்றுப் பாறை உண்டு, ஆனால் அது எளிதில் கரையாதது, குறுகிய வயதுடைய நெல்லுக்கு உதவாது. ஆகவே கையில் காசு வைத்திருந்தவனாலும் வாங்க முடியவில்லை.

அந்தத் தடைக்கு, வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய் இரசாயனங்களால் வருகிறது என்ற அச்சமும் மண்வளமும் காரணமாகக் காட்டப்பட்டன. அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்ததும் அதே ஆண்டில்தான். உலகச் சந்தையில் யூரியா விலை அந்த ஓராண்டுக்குள் ஏறத்தாழ மூன்று மடங்கானது. சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் வந்த சேதனப் பசளையில் (இயற்கை உரத்தில்) தீங்கான பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத் தடுப்பு அதிகாரிகள் கண்டறிந்ததால் அது இறக்கப்படவில்லை. இருந்தும் பின்னர் அதற்கு ஏறத்தாழ 69 இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது.

நவம்பர் இறுதியில் தடை நீக்கப்பட்டது. அப்போது வடக்கில் புழுதி விதைப்பு (மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைத்தல்) செய்த வயல்களில் பயிருக்கு ஆறு முதல் எட்டு வார வயது. முதலிரண்டு மேற்கட்டுப் பசளைக்கான (வளரும் பயிருக்கு மேலாக இடுவதற்கான) வேளை முடிந்துவிட்டது. 2020/21 பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னாக இருந்த நெல் அறுவடை, 2021/22 பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே போனது. விதைத்த பரப்பு பெரிதாகக் குறையவில்லை. விழுந்தது ஹெக்டயருக்கான விளைச்சல். 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 40 பில்லியன் ரூபா இழப்பீடு அறிவிக்கப்பட்டது. தேயிலையும் தப்பவில்லை: 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடிக்குச் சரிந்தது. 2022 சிறுபோகத்துக்கு இந்தியக் கடனுதவியில் வந்த யூரியாவில் 44,000 தொன் யூலை மாதத்தில்தான் கைக்கு வந்தது. அந்தப் போகத்திலும் பலருக்கு அது பிந்தியே கிடைத்தது.

சேதனப் பசளையால் அந்த இடைவெளியை நிரப்பியிருக்க முடியாதா?

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டயருக்கு 225 கிலோ யூரியா, அதாவது நாலரை மூடை இடுவதாகக் கொள்வோம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஆக ஏறத்தாழ 103 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவின் உலர்ந்த எடையில் ஒன்றரைச் சதவீதம் நைதரசன் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதே அளவுக்கு ஏறக்குறைய ஏழு தொன் கூட்டெரு வேண்டும். ஈரப்பதத்தோடு பத்துத் தொன்னைத் தாண்டும். பெரும்போகத்தின் ஏழு இலட்சம் ஹெக்டயருக்கு உலர் எடையில் ஏறத்தாழ 50 இலட்சம் தொன். 2021இல் நாடு முழுவதும் இரண்டு போகங்களிலும் அறுவடை செய்த நெல்லின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. அத்தனையையும் ஐந்து மாதத்தில் செய்து, ஏற்றி, வயலில் பரப்ப வேண்டும். அப்படிச் செய்தாலும் கூட்டெருவின் நைதரசனில் ஒரு பகுதியே முதற்போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த போகங்களில் மெல்ல விடுபடும்.

இதனால் சேதனப் பசளை வீண் என்று ஆகாது. மண்ணின் நீர் பிடிக்கும் திறனைக் கூட்ட அதற்கு நிகரில்லை. வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்பினால் பயிர் எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பகுதி மண்ணுக்கு மீண்டு, எம்ஓபி தேவையும் குறையும். இவற்றைப் பத்து ஆண்டுத் திட்டமாகச் செய்திருக்கலாம்.

மானியத்தை நிறுத்திய பின் உற்பத்தித்திறன் கூடிய நாடு எதுவும் உண்டா?

நியூசிலாந்தைப் பெரும்பாலும் சொல்வார்கள். அங்கே 1984இல் பதவியேற்ற அரசு, பண்ணைகளுக்கான விலை ஆதரவையும் பசளை மானியத்தையும் விரைவாக நீக்கியது. மானியத்துக்காகவே வளர்க்கப்பட்ட செம்மறிகள் குறைந்தன. 1980களின் தொடக்கத்தில் ஏழு கோடியாக இருந்த மந்தை பின்னர் பாதிக்கும் கீழே போனது. ஆனால் குட்டி ஒன்றிலிருந்து கிடைக்கும் இறைச்சியின் எடை கூடியது. கடினமான மலைச்சரிவுகளை விட்டு நல்ல நிலத்தில் கவனம் திரும்பியது. இதை இலங்கைக்கு அப்படியே பொருத்துவோருக்கு இரண்டு விடயங்களை நினைவூட்ட வேண்டும். அங்கே பசளை சந்தையில் எப்போதும் கிடைத்தது. அங்குள்ள பண்ணையாளர் நூற்றுக்கணக்கான ஹெக்டயர் வைத்திருப்பவர். இரண்டு ஏக்கர் வயலும் அடகில் உள்ள நகையும் கொண்டவரல்லர்.

இந்தியாவின் அனுபவம் என்ன சொல்கிறது?

ஒரு சத்துக்கு மட்டும் மானியத்தைக் குவித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 1992இல் பாசுவர, பொட்டாஷ் உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது; யூரியாவின் கட்டுப்பாடு அப்படியே நின்றது. 1991-92இல் 5.9 : 2.4 : 1 ஆக இருந்த தழை (நைதரசன்), மணி (பொசுபரசு), சாம்பல் (பொற்றாசியம்) சத்து விகிதம் அடுத்த ஆண்டே 9.5 : 3.2 : 1 ஆகக் கோணியது, பொதுவாகச் சொல்லப்படும் நெறி 4 : 2 : 1. இன்றும் 45 கிலோ யூரியா மூட்டை வரியோடு 266 ரூபாய் 50 காசு, பாசுவரம் தரும் டிஏபி உரம் 50 கிலோ 1,350 ரூபாய். இந்த விலை வேறுபாட்டைப் பார்க்கும் விவசாயி எதை அள்ளி இடுவான் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் இலவச மின்சாரம் இன்னொரு பாடம். கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு வட்டாரத்துக்கு அது உயிர் தந்தது. கரும்பும் வாழையும் அதனால் நிலைத்தன. அதே மின்சாரம் பாறை நிலத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறுகளை இறக்கச் செய்து, அடுத்த தலைமுறையின் நீரையும் இறைத்தது. அதே மாநிலம் சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனக் கருவிக்கு முழு மானியம் கொடுப்பது அறிவார்ந்த திருத்தம். ஆனால் நீரை மேலே ஏற்றும் செலவு சுழியமாக இருக்கும்வரை, சொட்டுநீரில் மிச்சமாகும் நீர் பெரும்பாலும் பரப்பைக் கூட்டவே போகிறது.

குத்தகைக்குச் செய்பவருக்கு மானியம் கிடைக்குமா?

விதி கிடைக்கும் என்றே சொல்கிறது: மானியம் செய்கை பண்ணுபவருக்குரியது. நடைமுறையில் கமநல சேவை நிலையத்தின் பதிவில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்கே அது போகிறது. வாய்மொழிக் குத்தகையில் செய்பவர், காணி உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் வயலைப் பார்ப்பவர், பங்குக்குச் செய்பவர் ஆகியோர் பல இடங்களில் விடுபடுகிறார்கள். இதை நீதிக் கேள்வியாக மட்டும் பார்க்கக்கூடாது. வயலில் இறங்காதவர் கணக்குக்குப் போகும் பணம் ஒரு நெல்மணியையும் கூட்டாது. போகத்துக்கு முன் நடக்கும் கமக்காரர் கூட்டத்திலேயே, அந்தப் போகத்தில் யார் விதைக்கிறார் என்பதைப் பதிவேட்டில் திருத்திக்கொள்வது இதற்கு எளிய மருந்து.

பசளைக்குக் கொடுப்பதைவிட நெல்லுக்கு நல்ல விலை கொடுப்பது மேலல்லவா?

உத்தரவாத விலை 1948இலிருந்தே இருக்கிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை 1970களின் தொடக்கத்தில் வந்தது. விலை நிச்சயமானால் விவசாயி தானே முதலீடு செய்வான் என்பது சரியான வாதம். ஆனால் சபை வாங்குவது மொத்த அறுவடையில் சிறு பங்கு. அதற்கும் ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அறுவடை இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு இறங்கும் நெல்லைக் காயவைக்கக் களமில்லாதவர், வீதியோரத்தில் நிற்கும் வியாபாரியிடம் அன்றே விற்றுவிடுகிறார். களமும் களஞ்சியமும் இல்லாத ஊரில் உத்தரவாத விலை வானொலியில் கேட்கும் செய்தி மட்டுமே. என்னைக் கேட்டால், மானியத்தின் ஒரு பகுதியைக் காயவிடும் தளங்களுக்குத் திருப்புவேன்.

மானியப் பசளை பிந்தி வந்தால் என்ன செய்வது?

வந்த மொத்தத்தையும் ஒரேயடியாக எறிய வேண்டாம். பயிரின் வயதையும் இனத்தின் வயதையும் முதலில் பாருங்கள். கதிர் உருவாகும் கட்டம் இன்னும் கடக்கவில்லையென்றால், அந்தக் கட்டத்துக்குரிய அளவு யூரியாவை மட்டும், வயலில் மெல்லிய நீர் நிற்கும்போது, மழை இல்லாத நாளில் இடலாம். தவறிய முதல் தவணையை அதோடு சேர்ப்பதால் இலைதான் செழிக்கும், பூச்சியும் பெருகும். கதிர் வெளிவந்துவிட்டால் யூரியாவை நிறுத்திவிடுங்கள். ஈரம் படாத இடத்தில், நிலத்தில் முட்டாமல் பலகைமேல் அடுக்கி, வாயை இறுக்கிக் கட்டி வைத்தால் அடுத்த போகத்தின் முதல் மேற்கட்டுக்கு அது உதவும். அந்தப் போகத்துக்கு முன்பாக ஒரு பிடி மண்ணை விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டால், ரிஎஸ்பி வாங்க வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.